பவர் ஏறுமா?

பிள்ளையைக் கண் பரிசோதனைக்கு அழைத்துவரும் பெற்றோர் முதலில் கேட்பது, "பவர் ஏறியிருக்கா?" அதற்கு விடை உண்டு. அடுத்து, "இன்னும் எவ்வளவு ஏறும்?" என்கிறார்கள். அதற்கு உறுதியான விடை எந்த மருத்துவரிடமும் இல்லை. கண்விழி நீள நீளக் கிட்டப்பார்வை கூடும்; பெரும்பாலோருக்குப் பதின்பருவத்தின் கடைசியிலோ சற்றுப் பின்னரோ நிலைபெறும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மைனஸ் இரண்டில் நிற்குமா, ஆறைத் தாண்டுமா என்று யாரும் எழுதித் தர முடியாது. விடையில்லாத இந்த இடத்தைப் பெற்றோர் எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே பல பிள்ளைகளின் மனநிலை அமைகிறது.

பெரும்பாலும் கண்காணிப்பைக்கொண்டு நிரப்புகிறார்கள். பொன்னாங்கண்ணியும் கேரட்டும் தட்டில் கூடுவதால் கெடுதல் இல்லை. நீண்ட விழி அவற்றால் சுருங்காது, அவ்வளவுதான். எப்போதும் போட்டால் கண் பழகிவிடும் என்று கண்ணாடியைக் கழற்றச் சொல்வதும், குறைந்த பவரில் வாங்கித் தருவதும்தான் சிக்கல். வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்த மலேசியச் சிறார்களுக்குக் கிட்டப்பார்வை இன்னும் வேகமாகக் கூடியதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. இதைவிடக் கெட்டது, பவர் எண் நடத்தைச் சான்றிதழாக மாறுவது. அரைப் புள்ளி ஏறினால் செல்போன், படுத்துக்கொண்டு படித்தது, சொன்ன பேச்சைக் கேட்காதது என்று விசாரணை தொடங்குகிறது. பெண்பிள்ளை என்றால் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். கரும்பலகை மங்கினாலும் "தெரியுது" என்று சொல்லிவிடுவதே பிள்ளைக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

வீட்டுக்கு வெளியிலும் பிள்ளைகளுக்குச் சுமை உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், கண்ணாடி அணிந்த அல்லது கண்மறைப்பு போட்டிருந்த சிறார்கள் சீண்டலுக்கு ஆளாகும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 'சோடாபுட்டி' என்று அழைக்கப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிட்டப்பார்வையுள்ள பிள்ளைகளிடம் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் எது எதனால் வருகிறது என்று அவற்றை வைத்து முடிவுகட்ட முடியாது; ஓயாத படிப்பு நெருக்கடி கண்ணையும் மனத்தையும் ஒருசேரக் கெடுத்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், அந்த நெருக்கடியும் பெற்றோரின் பதற்றத்தின் வழியாகத்தான் பெரும்பாலும் வீட்டுக்குள் வருகிறது.

கவலைப்படாமல் எப்படி இருப்பது என்று கேட்கலாம். நியாயம்தான். மைனஸ் ஆறைத் தாண்டினால் விழித்திரை விலகும் அபாயம் கூடுகிறது. ஆனால் அந்த அபாயம் கோருவது தவறாத பரிசோதனையும் சரியான பவரில் கண்ணாடியும். அன்றாட விசாரணை அதில் சேராது. மருத்துவர்களுக்கே இங்கே தடுமாற்றம் உண்டு: பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கத் தரும் 0.01 விழுக்காடு அட்ரோபின் சொட்டு மருந்து சிங்கப்பூர் ஆய்வில் நம்பிக்கை தந்தது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில் மருந்தில்லாத வெறும் சொட்டுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. இதைப் பெற்றோரிடம் மறைக்காமல் சொன்னால், ஏறிய பவருக்குப் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் வேகம் குறையும்.

எதையாவது செய்தே தீரவேண்டும் என்ற தவிப்புக்கும் ஓர் இடம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தினமும் 40 நிமிட வெளிவகுப்பைச் சேர்த்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, சேர்க்காத பள்ளிகளில் 39.5. ஏற்கெனவே கண்ணாடி போட்ட அக்காவுக்கு இதனால் பவர் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. தம்பிக்குக் கண்ணாடி தள்ளிப்போகலாம். நம் பள்ளிகளிலோ பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிவிடுகிறார், திருப்பித் தருவதும் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பவர்கள் அந்த பீரியடைப் பற்றியும் கேட்கலாம்.