வெனிஸ்: மூட்டை தூக்கி வந்தவனுக்கு அபராதம், தீவையே வளைச்சவனுக்கு விருந்தா?

மக்களே, வெனிஸ் பத்தி யார் எழுதினாலும் இப்பல்லாம் ஒரே பாட்டுதான். 'கூட்டம் தாங்கலை, காசில்லாத பசங்க முதுகுல மூட்டையை மாட்டிக்கிட்டு வந்து ஊரை நாசம் பண்றாங்க, நுழைவுக் கட்டணம் வெச்சது சரிதான், இன்னும் ஏத்தணும்.' நம்ம பதிவர்கள்லயே நாலு பேர் இதை எழுதிட்டாங்க. அதுல பாதிப் பேர் காலையில டூர் பஸ்ஸில் வந்து இறங்கி, சான் மார்கோ, ரியால்டோ, ஒரு ஐஸ்கிரீம், முப்பது போட்டோ, சாயங்காலம் அடுத்த ஊர்னு போனவங்க. ஊரைக் கெடுத்தது யாருன்னு இவங்க தீர்ப்பு சொல்றாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். வெனிஸைக் காலி பண்ணிக்கிட்டிருக்கறது மூட்டை தூக்கி வர்றவன் இல்லை. அவன் மேல பழியைப் போடறது சுலபம், அவ்வளவுதான். அந்தக் கட்டணம் கூட்டத்தைக் குறைக்க வந்ததும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

2025 மே மாசம் நானும் நண்பனும் மூணு நாள் வெனிஸில் சுத்தினோம். ஆளுக்கு ஒரு பை. தங்கினது மெஸ்த்ரேயில் ஒரு ஹாஸ்டல், பங்க் பெட். மெஸ்த்ரேங்கறது தண்ணிக்கு இந்தப் பக்கம் இருக்கற நிலப்பகுதி, ஆனா வெனிஸ் நகராட்சிக்குள்ளதான் வருது. ரயில்ல ஏறினா பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் சாந்தா லூசியா ஸ்டேஷன். நகராட்சி எல்லைக்குள்ள ராத்திரி தங்கறவங்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்கூட்டியே பதிஞ்சு ஒரு கியூஆர் கோடு மட்டும் கையில வெச்சிருக்கணும்.

"அப்புறம் என்ன மச்சி, நம்மகிட்ட காசு வாங்கலையே, உனக்கு ஏன் வயிறு எரியுது?" அப்படீன்னான் நண்பன். அன்னைக்கு நடந்த ஆறேழு கிலோமீட்டரும் இதே சண்டைதான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்கா இங்க எழுதறேன்.

1. கட்டணம் எதுக்கு?

கதை தெரியாதவங்களுக்கு: 2024 ஏப்ரல் 25 தொடங்கி, பகல்ல மட்டும் வந்து போறவங்களுக்கு 5 யூரோ கட்டணம் வெச்சாங்க. அந்த வருஷம் 29 நாள். 2025-ல் 54 நாள், கடைசி நேரத்தில் பதிஞ்சா 10 யூரோ. காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும்தான் இது. நாலு மணிக்கு மேல இலவசம். சீட்டு இல்லாம மாட்டினா 50 யூரோவிலிருந்து 300 யூரோ வரைக்கும் அபராதம்.

2024-ல் சுமார் 4.85 லட்சம் பேர் கட்டினாங்க, வசூல் 24 லட்சம் யூரோவுக்கு மேல. அடுத்த வருஷம் 7 லட்சம் பேருக்கு மேல, 50 லட்சம் யூரோவைத் தாண்டிடுச்சு. வசூல்னு பார்த்தா ஹிட்டுதான். ஆனா கூட்டம்? முதல் வருஷமே எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் எண்ணிக்கையை எடுத்துப் போட்டு 'எங்கே குறைஞ்சுது?'ன்னு கேட்டாங்க.

எப்படிக் குறையும்? ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான்னு உச்சவரம்பே கிடையாதே! சினிமா தியேட்டர்ல கூட சீட்டு தீர்ந்தா ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டுவான். இங்க அந்த போர்டே கிடையாது. காசு கட்டினா எத்தனை லட்சம் பேர் வேணும்னாலும் வரலாம். இதுக்குப் பேர் கூட்டக் கட்டுப்பாடு இல்லீங்க, டிக்கெட் கவுண்டர்.

இதை நான் மட்டும் சொல்லலை. கட்டணம் ஆரம்பிச்ச முதல் நாளே அந்த ஊர்க்காரங்க பியாத்சாலே ரோமாவில் கூடிப் போராட்டம் நடத்தினாங்க. 'எங்க ஊரை மியூசியமா, பொழுதுபோக்குப் பூங்காவா ஆக்காதீங்க'ன்னு கத்தினது அங்க வாழறவங்க. அவங்க பேரைச் சொல்லித்தான் இந்தக் கட்டணத்தையே கொண்டு வந்தாங்கங்கறது தனி காமெடி.

2. ஊர் காலியானது யாரால?

ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில், சான் பார்த்தொலொமேயோ சதுக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருக்கு. அதோட கண்ணாடி ஜன்னல்ல ஒரு எண் பலகை. 2008-ல் வெச்சது. வெனிஸ் தீவு நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்காங்கன்னு காட்டும். 1951-ல் 1,74,000 பேருக்கு மேல இருந்த ஊர். 2022-ல் 50,000-க்குக் கீழ இறங்கிடுச்சு. ஒரு ஊர் தன் ஜனத்தொகையை, ஐசியூ வாசல்ல நிக்கற சொந்தக்காரன் மானிட்டரைப் பார்க்கற மாதிரி பார்த்துக்கிட்டிருக்கு.

2023-ல் இன்னொரு கணக்கு வந்தது. அந்தத் தீவு நகரத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை, குடியிருக்கறவங்க எண்ணிக்கையைத் தாண்டிடுச்சுன்னு உள்ளூர் ஆர்வலர்கள் எண்ணிச் சொன்னாங்க. ஆளை விடக் கட்டில் அதிகம்!

இந்தக் கட்டிலெல்லாம் எங்கிருந்து வந்தது? அதெல்லாம் குடும்பங்கள் வாழ்ந்த வீடு. மாச வாடகைக்கு ஒரு வாத்தியாருக்கோ நர்ஸுக்கோ விட்டா வர்ற காசை விட, வாரக் கணக்கில் டூரிஸ்டுக்கு விட்டா பல மடங்கு வரும். வீட்டுக்காரன் எதைச் செய்வான்? வாடகைக்கு வீடு கிடைக்காதவன் பாலம் தாண்டி மெஸ்த்ரேவுக்குப் போறான். அவன் போனா அவன் புள்ளை படிச்ச பள்ளிக்கூடத்தில் ஆள் குறையுது. காய்கறிக்கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வருது. காய்கறிக்கடை போச்சுன்னா பக்கத்து வீட்டுப் பாட்டியும் மகன் வீட்டுக்குக் கிளம்பிடறா. இப்படித்தான் ஒரு ஊர் சாகுது.

இத்தாலிய நாடாளுமன்றம் 2022-லேயே வெனிஸுக்குன்னு தனியா ஒரு அதிகாரம் கொடுத்தது. இந்தக் குறுகிய கால வாடகை வீடுகளுக்கு நகராட்சியே வரம்பு வைக்கலாம்னு. வாசல்ல சீட்டு கிழிக்கறதுல காட்டின சுறுசுறுப்பை இதுல காட்டலையே, ஏன்? ஏன்னா வீட்டுக்காரனுக்கு ஓட்டு இருக்கு. வந்து போறவனுக்கு ஓட்டு இல்லை.

நண்பன் விடலை. "டேய், அந்த வீட்ல தங்கறவனும் டூரிஸ்ட்தானே? டூரிஸ்ட் வர்றதாலதானே வீட்டுக்காரன் அப்படி விடறான்?" நல்ல கேள்வி. ஆமா, தங்கறவனும் டூரிஸ்ட்தான். அவன் நகராட்சிக்குப் படுக்கை வரியும் கட்டறான். ஆனா ஒரு குடும்பத்தின் வீட்டை அடைச்சுக்கிட்டுத் தங்கறவனுக்கு வாசல்ல கட்டணம் இல்லை. எல்லை தாண்டி ஃபெர்ராராவில் தங்கிட்டு, ஒரு ஓவியத்தைப் பார்க்க ரயிலேறி வந்துட்டுப் போற மாணவனுக்குக் கட்டணம் உண்டு. எது ஊருக்கு அதிக பாரம்? கட்டணம் போட்டவங்க இந்தக் கேள்வியையே கேட்டுக்கலைங்கறதுதான் என் புகார்.

3. உட்காராதே, தின்னாதே, நடந்துக்கிட்டே இரு

சான் மார்கோ சதுக்கத்தில் தரையில உட்காரக் கூடாது, உட்கார்ந்து கொண்டு வந்ததைச் சாப்பிடக் கூடாது. மீறினா அபராதம். நண்பன் தூண் ஓரமா பையை இறக்கி வெச்சு, ரொட்டி, சீஸ் பொட்டலத்தைப் பிரிக்கப் போனான். நான்தான் கையைப் பிடிச்சுத் தடுத்தேன். எதிர்லயே வரிசையா நாற்காலி. 1720-லிருந்து நடக்கற காப்பிக்கடை அங்க இருக்கு. உட்காரலாம். ஆனா பில் தனி, இசைக்குழு வாசிச்சா அதுக்கும் தனிக் காசு. ஆக, உட்கார்றது குற்றமில்லை. ஓசியில உட்கார்றதுதான் குற்றம்.

2019 ஜூலையில் நடந்ததைக் கேளுங்க. பெர்லினிலிருந்து முதுகுமூட்டையோட வந்த ஒரு ஜோடி, ரியால்டோ பாலத்துப் படிக்கட்டில் ஒரு சின்ன கேம்ப் அடுப்பைப் பத்த வெச்சுக் காப்பி போட்டாங்க. 950 யூரோ அபராதம்! ஊரை விட்டுக் கிளம்புங்கன்னு உத்தரவு வேற. படிக்கட்டுல அடுப்பு பத்த வைக்கறது சரின்னு நான் சொல்லலை. கூட்டம் ஏறி இறங்கற இடம், அடுப்பை அணைக்கச் சொல்லி ஒரு சின்ன அபராதம் போட்டிருக்கலாம். ஆனா 950 யூரோ!

இப்ப இதைப் பாருங்க. அதே பாலத்தின் அடியில் ஒரு பெரிய கட்டடம். ஃபோந்தாகோ தேய் தெதெஸ்கி, அதாவது ஜெர்மன்காரர்களின் சத்திரம். மலை தாண்டி வந்த ஜெர்மன் வியாபாரிகள் தங்கி வியாபாரம் பண்ண வெனிஸ் குடியரசே கொடுத்த இடம். தீப்பிடிச்சு எரிஞ்சதும் 1505-லிருந்து 1508-க்குள்ள அரசு செலவுல திரும்பக் கட்டினாங்க. அவங்களைக் கண்காணிச்சாங்க, வரியும் கறந்தாங்க, எல்லாம் உண்மை. ஆனா படுக்க இடம் கொடுத்தாங்க. அப்புறம் அந்தக் கட்டடம் ரொம்ப காலம் தபால் ஆபீஸா இருந்தது. தபால் ஆபீஸை எடுத்துட்டு 2016-ல் ஆடம்பர மாலா ஆக்கினாங்க. 2025-ல் அந்த மாலும் மூடியாச்சு. ஊர்க்காரனுக்குத் தபால் ஆபீஸும் போச்சு, டூரிஸ்டுக்கு மாலும் போச்சு.

ஜெருசலேமுக்குப் போற கிறிஸ்தவ யாத்ரீகர்கள் கப்பலேறினதும் இதே வெனிஸில்தான். அவங்களுக்கு வழிகாட்ட, ஏமாத்தற ஆளுங்ககிட்டேருந்து காப்பாத்த, அரசே ஆள் போட்டு வெச்சிருந்தது. அவங்களை வெச்சு நல்லாச் சம்பாதிச்சது. வந்தவனை வெச்சுப் பிழைச்ச ஊர்தான் இது, ஆயிரம் வருஷமா. 'வெளியூர்க்காரனால கெட்டுச்சு'ங்கறது வரலாறு தெரியாத பேச்சு.

இந்த ஊர்ல சதுக்கத்துக்குச் சதுக்கம் பழைய கிணறு இருக்கும். மழைத்தண்ணியைத் தரைக்கடியில மணல்ல வடிகட்டிச் சேமிச்ச கிணறு. சிலதுல அடியில சின்னதா ஒரு கல் தொட்டி, நாய் பூனை குடிக்கறதுக்கு. நாய்க்கும் தண்ணி வெச்ச ஊருங்க இது! இப்பவும் நூத்துக்கு மேல தெருக்குழாய் இருக்கு, நல்ல தண்ணி. நாங்க மூணு நாளும் பாட்டில் வாங்கவே இல்லை. உட்காரத்தான் பெஞ்சைத் தேடி அலைஞ்சோம். கடைசியில் சான் ஜாகோமோ தல்லோரியோ சதுக்கத்தில், மரத்தடி பெஞ்சு ஒண்ணு கிடைச்சது. பக்கத்தில் பசங்க சர்ச் சுவத்துல பந்து அடிச்சு விளையாடிக்கிட்டிருந்தாங்க. மூணு நாள்ல நாங்க பார்த்த உயிரோட இருக்கற வெனிஸ் அதுதான். அங்க டிக்கெட் கேட்க யாரும் வரலை, டூர் பஸ் கூட்டமும் வரலை.

4. பெரிய இடத்து விருந்தாளி

இனி அந்தப் பக்கம் பார்ப்போம். 2021 ஆகஸ்ட் வரைக்கும், பல மாடி உயரக் கப்பல்கள் ஜூதெக்கா கால்வாய் வழியா, சான் மார்கோவை உரசற மாதிரி போய்க்கிட்டிருந்தது. 2019 ஜூன்ல ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து ஒரு படகு மேல மோதி, ஆட்களுக்கு அடிபட்டது. அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் ஆச்சு, 25,000 டன்னுக்கு மேல உள்ள கப்பல்களை அந்த வழியில தடை பண்ண. ஒரு காப்பி அடுப்புக்கு அன்னைக்கே தீர்ப்பு, கப்பலுக்கு ரெண்டு வருஷம்.

நாங்க போய்ட்டு வந்த அடுத்த மாசம், 2025 ஜூனில், அமேசான் ஜெஃப் பெசோஸ் கல்யாணம். சுமார் 200 விருந்தாளி. தனி விமானங்கள், படகுகள், சான் ஜோர்ஜோ மாஜோரே தீவில் கொண்டாட்டம். ஊருக்கு நன்கொடை கொடுத்தாரே, வியாபாரம் நடந்ததேன்னாங்க. ஊர்க்காரங்க ஒரு பகுதி தெருவில் இறங்கி எதிர்த்தாங்க. அவங்க கேட்டது எளிமையான கேள்வி: எங்க ஊர் வாடகைக்கு விடற கல்யாண மண்டபமா?

'தரமான சுற்றுலாப் பயணி'ன்னு ஒரு வார்த்தை இப்ப ஐரோப்பா முழுக்க அடிபடுது. தரம்னா என்ன? ஊர் மொழியில ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டு, நடந்து போய், கவுண்டர்ல நின்னுக்கிட்டே ரெண்டு சிக்கெத்தி சாப்பிட்டு, குப்பையைப் பையில போட்டுக்கிட்டுப் போறவனா? இல்லைங்க. அதிகமா செலவு பண்றவன்னு அர்த்தம். அவ்வளவுதான். பர்ஸ் கனமா இருந்தா தரம், பை கனமா இருந்தா தொல்லை.

மூட்டைக்காரன் எல்லாம் உத்தமன்னு சொல்லலை. கால்வாயில் குதிச்சு நீந்தறவன், பாலத்தில் பேர் கிறுக்கறவன் எல்லாம் உண்டு. பிடிங்க, அபராதம் போடுங்க, யார் வேணாங்கறாங்க? செஞ்ச தப்புக்குப் போடுங்க. செலவு பண்ணாத தப்புக்குப் போடாதீங்க.

5. சரி, என்னதான் பண்ணணும்?

வாடகை வீடுகளுக்கு நிஜமான வரம்பு வைக்கணும், அதிகாரம் கையில இருக்கு. கூட்டம் தாங்கலைன்னா நாளைக்கு இத்தனை பேர்தான்னு எண்ணிக்கை வெச்சு, எல்லாருக்கும் ஒரே மாதிரி முன்பதிவு வைக்கணும். காசு இருக்கறவன், இல்லாதவன் வித்தியாசம் வேணாம். நாலு பெஞ்சு போடணும். வசூலான லட்சங்கள்ல எத்தனை வீடு ஊர்க்காரனுக்குத் திரும்பக் கிடைச்சதுன்னு அந்த மருந்துக்கடை பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகையில போடணும். அந்த எண் ஏறட்டும், அப்ப நானே பத்து யூரோவை நீட்டறேன்.

நம்மாளுங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஒரே நாளில் வெனிஸ்'னு பதிவு போடறதைக் கொஞ்சம் நிறுத்துங்க. போனா ரெண்டு ராத்திரி தங்குங்க, வீட்டை வளைச்சுப் போடாத இடமாப் பார்த்துத் தங்குங்க. சான் மார்கோவை அரை மணி நேரத்தில் முடிச்சுட்டு, கன்னாரேஜோ, காஸ்தெல்லோ பக்கம் நடங்க. துணி காயற சந்து வந்தா, சரியான வழியிலதான் போறீங்கன்னு அர்த்தம்.

டிஸ்கி: நண்பன் இன்னும் ஒத்துக்கலை. 'அஞ்சு யூரோதானே'ங்கறான். அவனுக்கும் அவனை மாதிரி நினைக்கறவங்களுக்கும் கடைசியா ஒண்ணு: எனக்கு அஞ்சு யூரோ பெரிசில்லை. ஒரு ஊருக்குள்ள நுழைய டிக்கெட்னு ஆரம்பிச்சுட்டா, அது ஊர் இல்லை, காட்சிசாலை. காட்சிசாலைக்குள்ள வாழறவனுக்கு என்ன பேர்னு யோசிச்சுப் பாருங்க.