பூட்டிய திடலும் புறத்தே நிற்கும் சிறுவனும்

உலகு போற்றும் விளையாட்டுப் பெருவிழாக்களைக் கண்டு மகிழும் உரிமை யாருக்கு உண்டு? திங்கள்தோறும் கட்டணம் செலுத்த வல்லவருக்கு மட்டுமா, நாட்டு மக்கள் அனைவருக்குமா? அரிசியும் எண்ணெயும் விலையேறி நிற்கும் காலத்தில் பந்தாட்டத்தைப் பற்றிய வழக்கு எதற்கு என்று முகம் சுளிப்பவர் உண்டு. ஆயினும், சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு நோக்குவார்க்கு, இவ்வினா பொழுதுபோக்கைப் பற்றியதன்று, கல்வியைப் பற்றியது என்பது புலனாகும்.

சுங்கை சிப்புட்டைச் சூழ்ந்து ஒரு காலத்தில் எல்பில், டோவன்பி முதலிய தோட்டங்களில் பால்மரக் காடுகள் பரந்து கிடந்தன. அத்தோட்ட வாழ்வைப் பொற்காலம் என்று புனைந்துரைப்பது வரலாற்றுக்குச் செய்யும் தீங்காகும். லயத்து வீட்டில் காற்றுக்கும் பஞ்சம், கூலியிலோ என்றும் குறை. எனினும் தோட்டத்துக்கென ஒரு திடல் இருந்தது. அந்தி மயங்கும் வேளையில் இளைஞர்கள் அங்குக் கூடிப் பந்தடித்தனர். தோட்டத்திற்குத் தோட்டம் குழு இருந்தது. போட்டி நாளில் கிராணி முதல் பால்வெட்டுத் தொழிலாளி வரை திடலோரம் நின்று கூவினர். விளையாட்டு வீரன் எப்படி ஓடுகிறான், எப்படித் தோற்கிறான், தோற்றபின் எப்படிக் கைகுலுக்குகிறான் என்பதையெல்லாம் சிறுவன் கண்ணெதிரே கண்டு கற்றான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் பட்டணத்து ஓரத்துத் தாமான்களுக்கும் மலிவுவிலை வீடுகளுக்கும் பெயர்ந்தனர். வீட்டுக்கு மின்சாரமும் குழாய்நீரும் வந்தன என்பது உண்மை. ஆனால் திடல் உடன் வரவில்லை. இன்று அச்சிறுவனுக்கு எஞ்சியிருக்கும் திடல் தொலைக்காட்சித் திரை ஒன்றே. அதற்கும் பூட்டுப் போட்டால் அவன் எங்கே போவான்?

இப்பகுதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் என்ன உறவு என்று கேட்பவர் வரலாறு அறியாதவர். சுங்கை சிப்புட் அடங்கியுள்ள கோலகங்சார் மாவட்டத்தின் தலைநகரில் பிறந்தவர் மணி ஜெகதீசன். 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற மருத்துவர் அவர். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதியை 20.92 விநாடியில் ஓடி அவர் நிறுவிய தேசிய அளவு, 2017 வரையில் முறியடிக்கப்படாமல் நின்றது. அதே பாங்காக்கில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் கொண்டுவந்த மு. ராஜமணியும் இப்பேராக் மாநிலத்துத் தாப்பாவில் பிறந்தவரே. இம்மண்ணிலிருந்து இத்தகையோர் தோன்றினர் என்றால், இனியும் தோன்ற வழியுண்டு. அவ்வழியின் முதற்படி, உயர்ந்த ஆட்டத்தைக் கண்ணால் காண்பது.

இந்நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-இல் தோன்றியது. 1984-இல் தனியார் நிலையமாகிய டிவி 3 வரும்வரை ஒளிபரப்பு முழுவதும் அரசின் கையிலேயே இருந்தது. பெட்டி வைத்திருந்தோர் உரிமத்திற்கென ஆண்டுக்கு 24 வெள்ளி செலுத்தினர். அக்கட்டணமும் பின்னர் நீக்கப்பட்டது. 1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தபோது, மலேசியா அரையிறுதிவரை வந்து, இந்தியாவிடம் 3–2 என்ற கணக்கில் தோற்று, நான்காம் இடம் பெற்றது. அக்குழுவில் ஆடிய மகேந்திரன் போன்றோரின் பெயர்கள் தோட்டப் பிள்ளைகளின் வாயில் மந்திரம்போல் புழங்கின. ஆட்டத்தைப் பின்தொடர யாரும் எவருக்கும் திங்கட் கட்டணம் கட்டியதில்லை.

1996-இல் அஸ்ட்ரோ வந்தது. வேறு கட்டணச் சேவைகளும் தொடர்ந்தன. தமிழர் வீடுகளில் அஸ்ட்ரோ விரைந்து பரவியதற்குக் காரணம் மறைபொருளன்று. அரசு ஒளிவழியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சொற்பம். வானவில் முதலிய ஒளிவழிகள் நாள் முழுதும் தமிழைத் தந்தன. கூலி வேலைக்குப் போகும் குடும்பமும் கூரைமேல் தட்டைப் பொருத்திக்கொண்டது. இதைச் சுட்டிக்காட்டி, “எல்லார் வீட்டிலும்தான் அஸ்ட்ரோ இருக்கிறதே, பிறகென்ன குறை?” என்பர் சிலர். இங்கேதான் நுட்பம் உள்ளது. தமிழ்த் தொகுப்பு வேறு, விளையாட்டுத் தொகுப்பு வேறு. இரண்டாவதற்குத் தனிக் கட்டணம். முதல் கட்டணத்தையே கடைசி வாரம்வரை இழுத்துப் பிடிக்கும் தாய், பாட்டியின் நாடகமா, பையனின் பந்தாட்டமா என்று தராசு பிடிக்க நேர்கிறது. தராசு எந்தப் பக்கம் தாழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாயைக் குறை கூறவும் இயலாது.

2018, 2022 ஆகிய இரு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டிகளிலும் நேர்ந்ததை நோக்குக. ஒவ்வொரு போட்டியிலும் 64 ஆட்டங்கள். கட்டணம் செலுத்தியோர்க்கு அத்தனையும் நேரடியாகக் கிட்டின. அரசு ஒளிவழியைப் பார்த்தோர்க்கு ஒரு பகுதி மட்டும். அப்பகுதியிலும் சில ஆட்டங்கள் நேரடியாக, சில பிந்தி. இறுதியாட்டங்கள் இரண்டும் நம் நாட்டு நேரப்படி இரவு 11 மணிக்குத் தொடங்கின. அவற்றை அனைவரும் கண்டனர். மகிழ்ச்சியே. ஆனால் மக்களுக்கு எத்தனை ஆட்டம், எவை என்பதை முடிவு செய்தது சட்டமன்று, பேரம். நான்காண்டுக்கு ஒருமுறை விளம்பரதாரர் கிடைத்தாரா, உரிமையாளர் இறங்கி வந்தாரா என்று நாடே காத்துக் கிடக்கும் நிலை மானமுள்ள நிலையாகுமா? 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 48 நாடுகள், 104 ஆட்டங்கள் என விரித்துவிட்டனர். ஆட்டம் பெருகப் பெருக உரிமத்தின் விலையும் ஏறும். இலவசமாகக் கிட்டும் பங்கு சுருங்கும். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, மறுநாட் செய்தியில் வரும் அரை நிமிடக் காட்சியே போதும் என்று ஏழைக்குச் சொல்லிவிடலாம்!

எதிர்வாதங்களுள் வலிமை மிக்கது பணத்தைப் பற்றியது. கட்டண நிலையங்கள் கொட்டிக் கொடுக்கும் தொகையால்தான் விளையாட்டுச் சங்கங்கள் வாழ்கின்றன. அத்தொகை நின்றால் பயிற்சியும் திடலும் நின்றுபோகும் என்பது அது. இவ்வாதத்தை எள்ளி நகையாடுதல் கூடாது. சங்கங்களுக்குப் பணம் வேண்டும். ஆனால் பணத்தை மட்டும் நோக்கிய நாட்டுக்கு நேர்ந்ததையும் அறிய வேண்டும். இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுவரை அந்நாட்டில் நடந்த டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டங்கள் இலவச ஒளிவழியில் வந்தன. அவ்வாண்டு ஆஸ்திரேலியாவை வென்ற ஆஷஸ் தொடர் நாட்டையே தெருவுக்கு இழுத்து வந்தது. மறு ஆண்டு முதல் நேரடி ஒளிபரப்பு முழுவதும் கட்டண நிலையமாகிய ஸ்கைக்குப் போயிற்று. சங்கத்தின் பெட்டகம் நிறைந்தது. ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தம் நாட்டு ஆட்டக்காரரின் முகம் அறியாமலே வளர்ந்தனர் என்ற முறையீடு அந்நாட்டில் ஓயாமல் எழுந்தது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸ் திடலில் இங்கிலாந்து உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஆடியபோது, அதே ஸ்கை நிறுவனம் அவ்வோர் ஆட்டத்தை இலவச நிலையமாகிய சேனல் 4-உடன் பகிர்ந்துகொண்டது. நேரடிக் கிரிக்கெட் எல்லார் வீட்டுக்கும் திரும்ப 14 ஆண்டுகள் ஆயின. உரிமையை விற்றவர்களே அந்த ஒரு நாளில் எல்லாரும் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்தார்கள் என்றால், பூட்டு தவறு என்பதற்கு வேறு சான்று எதற்கு?

அந்த இங்கிலாந்திலும்கூட ஒலிம்பிக், உலகக் கிண்ணக் காற்பந்து, விம்பிள்டன் இறுதியாட்டங்கள் முதலியன 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பட்டியலிடப்பட்டு, கட்டண நிலையத்தின் தனியுடைமை ஆகாதபடி காக்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இதே காப்பைத் தருகிறது. உலகக் காற்பந்துச் சம்மேளனம் இத்தகைய பட்டியல்களை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம்வரை சென்றது, 2013-இல் தோற்றது. ஆகவே, பட்டியலிடுவது வணிக உரிமைக்குச் செய்யும் கொள்ளை என்ற கூச்சல் எடுபடாது.

நமக்கு இன்னும் அணுக்கமான சான்று இந்தியாவில் உள்ளது. 1993-இல் நடந்த ஹீரோ கிண்ணக் கிரிக்கெட்டின் ஒளிபரப்பைப் பற்றி எழுந்த வழக்கில், வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. விளையாட்டுத் துறையில் பிறந்த இத்தீர்ப்பு ஒலி, ஒளி ஊடகம் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று. 2007 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த ஒருநாள் தொடரின் உரிமை தனியார் நிறுவனமொன்றின் கையில் இருந்தது. தூர்தர்ஷனுக்கு ஒளிக்கற்றையைப் பகிர்வதில் பிணக்கு மூண்டது; வழக்கு நீதிமன்றம் ஏறி, ஏழு நிமிடத் தாமதத்துடன் தருவது என்ற அளவுக்கு வந்தது. எண்ணிப் பாருங்கள்: பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுகிறது, ஏழை வீட்டுத் திரையில் பந்து இன்னும் வீசப்படவே இல்லை! ஏழைக்கும் செல்வனுக்கும் இடையிலுள்ள தூரத்தை நிமிடக் கணக்கில் அளந்து காட்டியது அந்த ஏற்பாடு. அவ்வாண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நாட்டு முதன்மை வாய்ந்தவை என அறிவிக்கப்படும் ஆட்டங்களை, உரிமை வாங்கியவர் அரசு ஒளிபரப்பு நிறுவனத்துடன் உடனுக்குடன் பகிர வேண்டும். அதனால் வரும் விளம்பர வருவாயில் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை உரிமையாளருக்கு 75 விழுக்காடு, அரசு நிறுவனத்திற்கு 25 விழுக்காடு. உரிமையாளர் பட்டினி கிடக்கவில்லை. கூரை வீட்டுச் சிறுவனும் ஆட்டத்தைக் கண்டான். 2017-இல் உச்ச நீதிமன்றம் அப்பகிர்வுக்கு வரம்பு கட்டி, பகிர்ந்த ஒளிக்கற்றை தனியார் கம்பிவடத்தின் வழி போகலாகாது என்றது உண்மை. அப்போதும் அரசின் சொந்த அலைவரிசை மக்களுக்குத் திறந்தே இருந்தது.

கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்பார்க்கு நீண்ட மறுமொழி தேவையில்லை. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிரும் வீட்டில், தரவுப் பொதி தீரும் வேகம் அறிந்தவர் அப்படிப் பேசார். கடைகளில் பெருந்திரை உண்டே என்பர் வேறு சிலர். உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நள்ளிரவில் உணவுக்கடை நாற்காலியில், ஒரு குவளைத் தேநீரை இரண்டு மணி நேரம் உறிஞ்சிக்கொண்டு, புகைச்சுருள் நடுவே ஆட்டம் காண்பதை எந்த ஆசிரியர் விரும்புவார்? பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பும் இல்லை. பாரிஸ் 2024 ஒலிம்பிக் பூப்பந்து இரட்டையரில் வெண்கலப் பதக்க ஆட்டம்வரை சென்று நான்காம் இடம் பெற்ற தீனா முரளிதரனைப்போல் ஆக விரும்பும் சிறுமி, தன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அவர் ஆட்டத்தைக் காண வேண்டும். ஒலிம்பிக் அரசு ஒளிவழியில் வந்ததால் அது இயன்றது.

வருந்தத்தக்கது, ஆசிரியர் சமூகத்திலிருந்தே எழும் மற்றொரு குரல்: “பிள்ளைகள் படிக்கட்டும், ஆட்டம் வராதிருப்பதே நல்லது.” இக்குரல் பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் வாங்கும் பழக்கத்தின் உடன்பிறப்பு. “எனக்குப் பிடித்த விளையாட்டாளர்” என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வதும் இதே ஆசிரியர்தாம். ஆட்டத்தைக் காணாத பிள்ளை எதை எழுதும்? பயிற்சிநூலில் உள்ள நான்கு வரியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். பந்து வலையைத் தொட்ட கணத்தைக் கண்ட பிள்ளைக்குச் சொல் தேடிவரும். “உதைத்தான்” என்பதற்கும் “தட்டினான்” என்பதற்கும் “சுழற்றியடித்தான்” என்பதற்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கும். மொழி கற்பிப்போர் இழக்கக் கூடாத வாய்ப்பு இது. நேர்முக வருணனை தமிழிலும் அமையுமானால் பயன் இரட்டிப்பாகும். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

அனைத்து ஆட்டங்களையும் இலவசமாக்குக என்று யாரும் கோரவில்லை. இங்கிலாந்துக் கழகங்களின் வாராந்தரப் போட்டியை விரும்புவோர் பணம் கட்டிப் பார்க்கட்டும். ஒலிம்பிக், ஆசிய, காமன்வெல்த், தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகள். உலகக் கிண்ணக் காற்பந்தின் தொடக்க ஆட்டமும் காலிறுதி முதலான எல்லா ஆட்டங்களும். தாமஸ் கிண்ணத்தில் மலேசியா ஆடும் ஆட்டங்கள். மலேசியக் கிண்ண இறுதியாட்டம். இவற்றோடு, 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கி. இக்கடைசிக் கிண்ணத்தை 2022-இல்தான் மலேசியா முதன்முறையாக வென்றது. ஈப்போவில், தென்கொரியாவை 3–2 என வீழ்த்தி. சுங்கை சிப்புட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில் நிகழும் ஆட்டம் அவ்வூர்ப் பிள்ளைக்குக் காசின்றித் தெரிய வேண்டும் என்பது பேராசையாகுமா?

1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்கீழ் இப்பட்டியலைத் தெளிவாக எழுதி அரசிதழில் வெளியிட வேண்டும். வருவாய்ப் பங்கீட்டை இந்திய முறையில் வரையறுக்க வேண்டும். 2019 அக்டோபர் 31-இல் பழைய ஒளிபரப்பை நிறுத்தி, நாடெங்கும் இலக்கவியல் இலவச ஒளிபரப்பை நிறுவியாயிற்று. குழாய் போட்டாகிவிட்டது, நீர்தான் வர வேண்டும். தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் தத்தம் ஆண்டுக் கூட்டத்தில் இதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றி, மலாயிலும் தமிழிலும் எழுதி, தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் கொடுக்கலாம். அடுத்த பெரும்போட்டிக்கு உரிமை விற்கப்படுவதற்கு முன் அது அவர் மேசையில் இருக்க வேண்டும்.