லாரி வேலை போன பிறகு
(தொழிலும் குடும்பமும்)

இத்திங்கள் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, களம்போலியிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. அவர் கணவர் நாமக்கல் பக்கத்தவர்; எட்டு ஆண்டுகளாக ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டியவர். சென்ற மாதம் இறக்கிய சரக்கில் இரண்டு மூட்டை குறைந்ததென்று சொல்லித் தொலைபேசியிலேயே அவரை வேலையினின்று நீக்கிவிட்டார்களாம். கடைசி மாதச் சம்பளமும் இரண்டு நடைக்குரிய பேட்டாவும் வரவில்லை. ஓட்டுநர் உரிமத்தின் மூலமும் முதலாளியின் மேஜையிலேயே இருக்கிறது. கணவர் காலையில் புறப்பட்டுப் போகிறார், மாலையில் திரும்புகிறார், எங்கே போனீர்கள் என்றால் விடை இல்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா, நகையை விற்றுச் சமாளிக்கலாமா, பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு என்னாவது என்று அச்சகோதரி கேட்கிறார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. மும்பை, புனே, சூரத், தில்லி என்று நம்மவர் குடியேறிய ஊர்களிலெல்லாம் சக்கரத்தை நம்பி அடுப்பு எரியும் வீடுகள் பல. ஆதலின் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

முதற்கண், சேரவேண்டிய பணத்தைக் கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையினின்று நீக்கப்பட்டவருக்குரிய சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே கூறிற்று. சரக்குக் குறைந்தது என்று சொல்லிச் சம்பளத்தில் கைவைப்பதற்கும் முறை உண்டு. ஓட்டுநரின் கவனக்குறைவே நேர்க் காரணமாக இருக்க வேண்டும். அவர் தம் பக்கத்தை எடுத்துச் சொல்ல வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். எப்படிப் பிடித்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதிக்கு மேற்படக் கூடாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமாயின், ஐந்தாண்டு நிறைந்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் சம்பளம் என்பது கணக்கு. எட்டு ஆண்டுக்கு நூற்றிருபது நாட் சம்பளம் ஆகிறது. கவனக்குறைவால் வந்த நட்டமெனில், அந்த நட்டத்தின் அளவுக்குத்தான் அதில் பிடிக்கலாம். இரண்டு மூட்டையின் விலை எட்டு ஆண்டு உழைப்பை விழுங்கிவிட இயலாது.

இவற்றையெல்லாம் வாயால் கேட்டால் காற்றோடு போகும். ஒரு தாளில் வேலைக்குச் சேர்ந்த நாள், நீக்கிய நாள், வண்டி எண், வரவேண்டிய தொகை ஆகியவற்றை எழுதி விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடை வரவில்லையெனில் தொழிலாளர் அலுவலகத்தை அணுகுங்கள். விசாரணையின்றி நீக்கியதையும் அங்கேயே எழுப்பலாம். காலம் தாழ்த்த வேண்டா. பணம் கைக்கு வருமுன், எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்ற தாளிலும், வெற்றுத் தாளிலும் கையெழுத்திடுதல் ஆகாது.

அடுத்தது உரிமம். அது அரசு ஓட்டுநருக்கு அளித்தது. கடனுக்கு அடகாக அதை வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. மேற்சொன்ன கடிதத்திலேயே அதைத் திருப்பிக் கேளுங்கள். தராவிடில் காவல் நிலையத்தில் உள்ளதை உள்ளவாறு எழுதிக் கொடுங்கள். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி மறுபடி வாங்கும் யோசனையைச் சிலர் கூறுவர். அதைச் செவியில் ஏற்க வேண்டா. இதற்கிடையில், கைபேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டும் உரிமத்தைச் சாலையில் அதிகாரிகள் ஏற்க வேண்டும் என்பது 2018 முதல் விதி.

உரிமம் முடியும் நாளையும் பாருங்கள். சரக்கு வண்டி உரிமத்துக்கு இப்போது ஐந்தாண்டுக் காலம். முன்பு இருந்த முப்பது நாள் சலுகை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் போயிற்று. உரிமம் முடிந்த பின் புதுப்பிக்காமல் வண்டியில் ஏற வேண்டா. ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்வாக வேண்டும். புதுப்பிக்க ஊருக்குப் போகவும் வேண்டுவதில்லை. எந்த உரிம அலுவலகத்திலும் மருத்துவச் சான்றுடன் விண்ணப்பிக்கலாம். வேலையில்லாத இந்நாட்கள் அதற்கு ஏற்றவை.

இனி, புதிய வேலை. லாரித் தொழிலில் வேலை விளம்பரம் பார்த்துக் கிடைப்பது அரிது; வாய்ச்சொல்லால் கிடைப்பதே பெரும்பான்மை. ஆகவே தேநீர்க் கடையில் தனித்து உட்கார்ந்திருப்பதால் பயனில்லை. களம்போலி லாரி நிலையம், வாஷிச் சந்தை, நவசேவாத் துறைமுகத்துக்குக் கொள்கலன் ஏற்றும் கூடங்கள், புக்கிங் ஆபீஸ்கள் ஆகியவற்றில் நாளுக்கு இரண்டு இடமேனும் நேரில் சென்று பெயரும் எண்ணும் கொடுத்து வரவேண்டும். பழைய கிளீனர்கள் இன்று ஓட்டுநர்களாக இருப்பார்கள். சரக்கு இறக்கிய கிடங்குகளின் மேற்பார்வையாளர்கள் முகம் அறிந்தவர்கள். இவர்களிடம் சொல்லி வைப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

நிரந்தர வேலை வரும்வரை ஆக்டிங் டிரைவராகப் போகலாம். ஓட்டுநர் விடுப்பில் இருக்கும் வண்டிக்கு ஒரு நடை, இரண்டு நடை ஓட்டிக் கொடுப்பது அன்றாடச் செலவைத் தாங்கும். நம் கைத்திறனைப் புதிய முதலாளி கண்ணால் காணவும் அதுவே வழி. நாமக்கல்லார் பலர் புகழ் பெற்ற எரிவாயு டாங்கர்த் துறையிலும் முயலலாம். அதற்கு அபாயச் சரக்குப் பயிற்சி வேண்டும். மூன்று நாள் பாடம். தமிழ் போன்ற ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் அவசியம். உரிமத்தில் அக்குறிப்பு ஏறிவிட்டால், எல்லாருக்கும் திறவாத கதவு ஒன்று திறக்கும்.

பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று எவரும் கேட்பார். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். இத்தொழில் பரந்ததாகத் தோன்றினும் உண்மையில் சிறியது; ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் வெளிவந்துவிடும். எனவே, "இரண்டு மூட்டை குறைந்தது, என் விளக்கத்தைக் கேட்கவில்லை, எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்க. பழைய முதலாளியைத் திட்டத் தொடங்கினால், நாளை நம்மையும் இப்படித்தான் பேசுவான் என்று கேட்பவர் எண்ணுவார். எட்டு ஆண்டில் ஓட்டிய வண்டிகள், சென்ற தடங்கள், ஏற்றிய சரக்குகள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். அதுவே நற்சான்று.

வேலை கிடைத்த மகிழ்ச்சியில் எதையும் கேளாமல் ஏறிவிடவும் கூடாது. சம்பளம் மாதத்துக்கா, நடைக்கா? பேட்டா எவ்வளவு? டீசல் கணக்கு எப்படி? சரக்குக் குறைந்தால் யார் பொறுப்பு? இந்த நான்கையும் முதல் நாளே கேட்க வேண்டும். வண்டியின் காப்பீடு, தகுதிச் சான்று, பெர்மிட் நடப்பில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பாரம் மிகுந்தால், மத்தியச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஏற்றச் சொன்னவரோடு ஓட்டியவரும் அதில் குற்றவாளியே. வரும்போதே பெருந்தொகை முன்பணம் கொடுக்கும் முதலாளியிடம் எச்சரிக்கை தேவை. அந்தப் பணம் தீரும்வரை, எவ்வளவு தூக்கம் வந்தாலும் வண்டியை எடு என்று அவர் சொல்லும்போது மறுக்க நாவெழாது.

சகோதரி, இனி உங்களுக்கு. ஆண்டு நடுவில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் போவது இப்போது வேண்டா. லோடு மிகுதியாகக் கிளம்பும் இவ்விடத்தில்தான் உங்கள் கணவருக்கு வேலை எளிதில் கிடைக்கும். பள்ளிக் கட்டணத்துக்குத் தவணை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். உங்கள் தமிழ்நாட்டு ரேஷன் அட்டை முன்னுரிமைக் குடும்ப அட்டையாகவோ அந்தியோதயா அட்டையாகவோ இருந்தால், மத்திய அரசின் தானியத்தை மகாராஷ்டிரத்திலும் வாங்கலாம். நகையை விற்க வேண்டா. தவிர்க்க இயலாதபோது ஒன்றை மட்டும் வங்கியில் அடகு வையுங்கள்.

உங்கள் கணவர் வாய் திறவாமல் இருப்பதற்குக் காரணம் வெட்கமேயன்றி வேறில்லை. எட்டு ஆண்டுகள் வழி நெடுகச் சரக்கைக் காத்தவரை ஒரு நொடியில் திருடனைப்போல் விரட்டிவிட்டார்கள். அவரிடம் எங்கே போனீர்கள் என்று கேளாமல், இன்றைக்கு அந்தக் கடிதத்தை எழுதுவோமா என்று கேளுங்கள். நீங்கள் எழுத, அவர் சொல்லட்டும். மனைவி பக்கத்தில் அமர்ந்து கணக்கெழுதும் வீட்டில் அவமானம் நெடுநாள் தங்குவதில்லை.

நம் வாசகர்களுள் வண்டி உடையவர்களும் இருக்கிறீர்கள். வேலை இழந்த ஓட்டுநர் ஒருவர் உங்கள் வாயிலில் வந்து நின்றால், பழைய முதலாளிக்குத் தொலைபேசியில் பேசுமுன் அவர் சொல்வதையும் ஐந்து நிமிடம் கேளுங்கள். உங்களிடமோ உங்களுக்குத் தெரிந்தவரிடமோ ஓட்டுநர் தேவையிருப்பின் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இக்குடும்பத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பு நம்முடையது.