பணம் கொடுத்து ‘வாங்கிய’ வீடியோ கேம் உண்மையில் யாருடையது? டிஜிட்டல் ஸ்டோர்களின் வசதியும் சிக்கலும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப்புடவை வாங்கினால், அது உங்களுடையது. நீங்கள் கட்டலாம், தங்கைக்குக் கொடுக்கலாம், மகளுக்காக எடுத்து வைக்கலாம். வருஷங்கள் கழித்து நைந்து போனாலும், ஜரிகைக்காக அதை விலைக்கு எடுக்க ஆள் இருக்கிறார்கள். விற்ற கடையே மூடிவிட்டாலும் பீரோவில் இருக்கும் புடவை காணாமல் போகாது.

அதே ஊரில், ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வரும் ஒருவர், யுபிஐ-யில் பணம் கட்டி ஒரு வீடியோ கேம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அவருடையதா? சுருக்கமான பதில்: இல்லை. அவருக்குக் கிடைப்பது விளையாடுவதற்கான அனுமதி மட்டும்தான். அந்த அனுமதியின் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

அப்படியென்றால் டிஜிட்டலில் கேம் வாங்குவதே தப்பா? அதுவும் இல்லை. லாபம் எது, ரிஸ்க் எது என்று பிரித்துப் பார்ப்போம்.

‘வாங்கு’ பட்டன் எதை விற்கிறது?

கணினி கேம்களை ஆன்லைனில் விற்பதில் பெரிய பெயர் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம். 2003-ல் தொடங்கியது. அதன் பயனர் ஒப்பந்தத்தில், கேம்கள் விற்கப்படுவதில்லை, லைசென்ஸ் மட்டுமே தரப்படுகிறது என்று இருக்கிறது. நம்மில் பெரும்பாலானோர் ‘ஏற்கிறேன்’ என்று தட்டிவிட்டுத் தாண்டிப் போகும் பகுதி அது.

2024 அக்டோபரில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. பணம் கட்டும் பக்கத்திலேயே ‘நீங்கள் பெறுவது லைசென்ஸ்’ என்ற அறிவிப்பை ஸ்டீம் காட்டத் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இது தொடர்பாக ஒரு சட்டம் கையெழுத்தானது. 2025 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை லைசென்ஸாகக் கொடுத்துவிட்டு, அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். நிரந்தரமாக டவுன்லோடு செய்து, இணையம் இல்லாமலே பயன்படுத்தக்கூடிய பொருட்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு ஏன் முக்கியம் என்று கடைசியில் பார்ப்போம்.

முதலில், நல்ல பக்கம்

ஒன்று, தூரம். ஒரு காலத்தில் கேம் டிஸ்க் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும், இல்லையென்றால் பர்மா பஜாரில் திருட்டு சிடி வாங்க வேண்டும். இன்று காஞ்சிபுரத்தில் இருப்பவரும் டோக்கியோவில் இருப்பவரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் புது கேமைத் தொடங்கலாம்.

இரண்டு, விலை. சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்த 2021-லேயே அதன் பெரிய கேம்கள் ரூ.4,999-க்கு விற்றன. ஆனால் டிஜிட்டல் ஸ்டோர்களில் வருஷத்தில் பல முறை சேல் வருகிறது. கொஞ்சம் பழைய கேம்கள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். எபிக் கேம்ஸ் ஸ்டோர் இலவசமாகவே கேம்கள் தருகிறது. 2020 மே மாதம் ஜிடிஏ 5-ஐயே அப்படிக் கொடுத்தார்கள்.

மூன்று, ரீஃபண்ட். ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிரித்த டிஸ்க்கை இப்படித் திருப்பி எடுக்கும் கடையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது லாபம்தான் தமிழர்களுக்கு ரொம்ப முக்கியம். ‘வெண்பா’ என்ற கேமைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி, புட்டு என்று ஒவ்வொன்றாகச் சமைக்க வேண்டும். டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன குழு இதை 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதையும் வாங்கியது. இந்த அளவு சின்ன குழு லட்சக்கணக்கில் டிஸ்க் அச்சடித்து, நாடு நாடாகக் கடைகளில் அடுக்குவது நடக்கிற காரியமா? ஸ்டீமில் ஒரு கேமைப் பட்டியலிட 100 டாலர் கட்டணம். விற்பனையில் பொதுவாக 30 சதவீதத்தை ஸ்டோர் எடுத்துக்கொள்கிறது. அது அதிகம் என்ற புகார் எப்போதும் உண்டு. ஆனாலும் சின்ன குழுக்களுக்குத் திறந்த பெரிய கதவு இதுதான்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

‘கேம் போய்விட்டது’ என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் மூன்று வகை இருக்கிறது.

முதல் வகை, கடை மூடுவது. நிண்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளுக்கான ஆன்லைன் ஸ்டோரை 2023 மார்ச் 27-ல் மூடியது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோரை 2024 ஜூலை 29-ல் மூடியது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ள வழி விட்டார்கள். ஆனால் புதிதாக வாங்க முடியாது. டிஜிட்டலில் மட்டுமே வந்த சில கேம்களுக்கு வேறு கடையும் கிடையாது.

இரண்டாவது வகை, வாங்கிய பொருளே மாறுவது. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் நினைவிருக்கிறதா? பாடல்களுக்கான உரிமக் காலம் முடிந்ததால், 2014 நவம்பரில் வந்த அப்டேட் அதன் ஸ்டீம் பதிப்பிலிருந்து சில பாடல்களை நீக்கியது. பழைய டிஸ்க் வைத்திருந்தவர்களின் ரேடியோவில் அதே பாட்டுகள் அப்படியே இருந்தன.

மூன்றாவது வகைதான் மோசம்: சர்வரை அணைப்பது. யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’ கார் பந்தய கேம் 2014-ல் வந்தது. தனியாக விளையாடினாலும் இணைய இணைப்பு கட்டாயம். 2024 மார்ச் 31-ல் சர்வரை மூடினார்கள். அத்தோடு கேமும் முடிந்தது. இதை எதிர்த்துக் கிளம்பியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொடுத்த மனுவுக்கு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகள் தாண்டின. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, தொடரின் அடுத்த பாகங்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக யுபிசாஃப்ட் அறிவித்தது.

பணம் திரும்பக் கிடைத்த கதையும் உண்டு. சோனியின் ‘கான்கார்ட்’ 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி, செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் கவனியுங்கள், அது இரண்டே வாரத்தில் மூடிய கேம். பத்து வருஷம் கழித்து மூடும் கேமுக்கு இதே தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

நம்ம ஊர் அனுபவம்: பப்ஜி

‘இதெல்லாம் வெளிநாட்டுக் கதை’ என்று நினைக்க வேண்டாம். 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சேவை முழுதாக நின்றது. துப்பாக்கி ஸ்கின், உடை என்று காசு போட்டு வாங்கியவர்களின் கணக்குகள் அந்தரத்தில் தொங்கின. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வாய்ப்பு கொடுத்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது.

தடை சரியா தவறா என்பது தனி விவாதம். இங்கே பார்க்க வேண்டியது வேறு. அரசு, கேம் நிறுவனம், ஆப் ஸ்டோர் என்று மூன்று பேரில் யார் முடிவெடுத்தாலும் கேம் நின்றுவிடும். காசு கொடுத்தவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

விற்கலாமா, கொடுக்கலாமா?

டிஸ்க்காக இருந்தால், விளையாடி முடித்து நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் விற்று பாதிப் பணத்தையாவது எடுக்கலாம். டிஜிட்டலில் அது நடக்காது. ஸ்டீம் கணக்கை விற்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. ஸ்டீம் கேம்களை மறுவிற்பனை செய்யலாம் என்று 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் ஒன்று சொன்னது. 2022-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

ஒரு ஆறுதல்: ‘ஸ்டீம் ஃபேமிலீஸ்’ வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த 6 பேர் வரை கேம்களைப் பகிரலாம். ஆனால் ஒரே பிரதியை இருவர் ஒரே நேரத்தில் விளையாட முடியாது.

அப்போ டிஸ்க்கே வாங்கிவிடலாமா?

அதுவும் முழுத் தீர்வு இல்லை. சர்வரை மூடியதும் ‘தி க்ரூ’ டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் விளையாட முடியாமல் போனது. 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கான சில கார்டுகளுக்குள் கேமே இருக்காது. டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும் இருக்கும். டிஸ்க்கா டிஜிட்டலா என்பதைவிட, ‘இணையமும் நிறுவனமும் இல்லாமல் இந்த கேம் ஓடுமா?’ என்பதே சரியான கேள்வி.

இந்தியச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

கலிபோர்னியா மாதிரி தனிச் சட்டம் இங்கே இல்லை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020, டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும். இந்தியாவில் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். மின்வணிக நிறுவனம் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அங்கே நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. தனியாக விளையாடும் கேமா, இணையம் கட்டாயமா? ஸ்டோர் பக்கத்திலேயே இருக்கும். இணையம் கட்டாயம் என்றால், அதை வாடகை மாதிரி நினைத்துப் பணம் போடுங்கள்.

2. டிஆர்எம் பூட்டு இல்லாத பதிப்பு கிடைக்கிறதா? ஜிஓஜி ஸ்டோரில் இன்ஸ்டாலர் ஃபைலையே டவுன்லோடு செய்து ஹார்டு டிஸ்க்கில் வைக்கலாம். கலிபோர்னியா சட்டம் விலக்குக் கொடுத்தது இந்த மாதிரி விற்பனைக்குத்தான்.

3. எத்தனை ஜிபி? 100 ஜிபி தாண்டும் கேம்கள் இப்போது சாதாரணம். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் அதை இறக்க 50 நாள் ஆகும். ரீஃபண்ட் கேட்கும் 14 நாளோ வாங்கிய அன்றே ஓடத் தொடங்கிவிடும்.

4. இப்போதே விளையாடப் போகிறீர்களா? இல்லையென்றால் சேலில் வாங்கிக் குவிக்க வேண்டாம். அடுத்த சேலும் வரும்.

5. கணக்கு பாதுகாப்பாக இருக்கிறதா? இரண்டு அடுக்குப் பாதுகாப்பை ஆன் செய்யுங்கள், பில் மெயில்களை அழிக்காதீர்கள். கணக்கு போனால் ஒரு கேம் மட்டும் போகாது, பத்து வருஷமாகச் சேர்த்த மொத்த லைப்ரரியும் போகும்.

ரூ.300-க்கு சேலில் எடுத்து ஒரு மாதம் ஜாலியாக விளையாடும் கேமுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. சினிமா டிக்கெட் மாதிரி, பார்த்தோம், முடிந்தது. ஆனால் முழு விலை கொடுக்கும்போது, பத்து வருஷம் கழித்தும் அது நம்மிடம் இருக்கும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே பணம் கட்டுகிறோம். அந்த உத்தரவாதத்தை இன்றைக்கு எந்தப் பெரிய ஸ்டோரும் எழுதிக் கொடுப்பதில்லை. அது தெரிந்த பிறகு அந்த விலை உங்களுக்குச் சரியென்று பட்டால், தாராளமாக வாங்குங்கள்.