ஐந்தடி அம்மாவும் ஏழடி அலமாரியும்

மாடுலர் கிச்சன் விளம்பரங்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? முக்கால்வாசிப் படங்களில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் இருக்கும். பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு செடி. எண்ணெய்த் தூக்கு இருக்காது. கரித்துணி இருக்காது. ஐந்து லிட்டர் குக்கர், தோசைக்கல், கிரைண்டர், காலையில் ஊறப்போட்ட உளுந்து... ம்ஹூம், எதுவும் கிடையாது. அந்தச் சமையலறையில் யாரும் சமைப்பதில்லை. எலுமிச்சம்பழத்தைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

நின்றுவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்கிறீர்களா? அந்தப் படத்தைக் காட்டித்தான், அறுநூறு சதுர அடி ஃப்ளாட்டை வாங்கிவிட்டு மாதத் தவணைக்கு முழி பிதுங்கிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் இன்னொரு கடனைத் தலையில் கட்டுகிறார்கள்.

"கிச்சன் சின்னதா இருக்கே மேடம், அதனாலதான் மாடுலர் போடுங்கன்னு சொல்றோம். இடம் மிச்சமாகும்."

எனக்குச் சண்டை இந்த ஒரு வாக்கியத்தோடுதான். இடம் மிச்சமாகுமா? டேப்பை எடுங்கள், அளந்தே பார்த்துவிடுவோம்.

சாப்பிடத் தனி இடம் இருக்கிற வீட்டில் சமையலறை குறைந்தது 5 சதுர மீட்டர், அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. நம் கணக்கில் சுமார் 54 சதுர அடி. அகலம் ஆறடிக்கு ஓர் அங்குலம் கம்மி. 'இதற்குக் கீழே போகாதே' என்று எழுதி வைத்ததை, பில்டர்கள் பலர் 'இதுவே தாராளம்' என்று படித்துக்கொண்டார்கள். வீடு பார்க்க வருகிறவர் முதலில் நுழைவது ஹாலில். ஆகவே ஹாலுக்கு இடம், சமையலறைக்கு மிச்சம்.

இந்த ஆறடி அகலத்தில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கு மேடையும் கீழே அலமாரியும் போடச் சொல்கிறார்கள். நடுவில் மிஞ்சுவது இரண்டடி கூட இல்லை. டிராயரை முழுசாக வெளியே இழுத்தால் அது ஒன்றே முக்கால் அடியைத் தின்கிறது. கரண்டி எடுக்க வேண்டியவர் எங்கே நிற்பது? ஹாலில் நின்றுதான் எட்டி எடுக்க வேண்டும்!

சரி, மேலே போவோம். சமையல் மேடை சாதாரணமாக 34 அங்குல உயரம். அதற்கு மேல் 24 அங்குலம் விட்டு, 58-வது அங்குலத்தில் மேல் அலமாரி ஆரம்பிக்கிறது. அலமாரியின் உயரம் 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், 86-வது அங்குலத்தில் போய் முடிகிறது. அதாவது ஏழடிக்கும் மேலே. நம் ஊர்ப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய ஐந்தடி. கையை நன்றாகத் தூக்கினால் விரல் நுனி ஆறேகால் அடியைத் தொடும். இடையில் இரண்டடி மேடை குறுக்கே நிற்பதால் அதுவும் குறையும். ஆக, அந்த 28 அங்குலத்தில் 11 அங்குலம், ஐந்தில் இரண்டு பங்கு, அந்த வீட்டு அம்மாவுக்கு எட்டவே எட்டாது. ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். எரிகிற அடுப்புப் பக்கத்தில், ஈரத் தரையில், ஸ்டூல்.

நான் வணிகவியல் படித்த ஆள். இன்டீரியர் டிசைன் தெரியாது, தேய்மானம் தெரியும். ஒரு பேச்சுக்கு ஒன்றரை லட்சம் செலவு, பத்து வருஷம் உழைக்கும் என்று போடுங்கள். வருஷத்துக்கு 15,000. மாசத்துக்கு 1,250 ரூபாய். கைக்கு எட்டாத அலமாரிக்கும் சேர்த்துத்தான் இந்த வாடகை. அதுவும் பத்து வருஷம் உழைத்தால்! மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகையை சிங்க்குக்குக் கீழே போட்டால் என்ன ஆகும்? ஒரு குழாய் கசிந்தால் போதும், பலகை தண்ணீர் குடித்து உப்பிவிடும். கடைக்காரர் ஷட்டரின் பளபளப்பை அரை மணி நேரம் காட்டுகிறார். உள்ளே இருக்கும் பலகை என்ன ஜாதி என்பதை அரை நிமிஷம் கூடச் சொல்வதில்லை.

காசு போனால் போகட்டும், இது உயிர் விஷயம். 14.2 கிலோ கேஸ் சிலிண்டரையும் மேடைக்கு அடியில் தள்ளி, கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். "சிலிண்டர் வெளியில தெரிஞ்சா லுக் போயிடும் சார்." சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். காற்று வராத பெட்டிக்குள் அது தேங்கி நிற்கும்போது ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. சிலிண்டர் கண்ணில் படட்டும் ஐயா! அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் இருக்க வேண்டும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இந்த மாடுலர் கிச்சனின் பாட்டி ஓர் ஏழை வீட்டுச் சமையலறை. 1926-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகராட்சி, சாதாரண ஜனங்களுக்கு மலிவாக வீடுகள் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்கிற பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது அது. 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதாவது சுமார் 70 சதுர அடி. ரயிலின் சமையல் பெட்டியில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்தார். ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் எத்தனை எட்டு நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்தார். ஜன்னலோரம் வேலை மேஜை வைத்தார். உட்கார்ந்து காய் நறுக்க ஒரு சுழல் ஸ்டூல் வைத்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள் வைத்தார். அப்படிச் சுமார் பத்தாயிரம் சமையலறைகள் எழும்பின. அவர் ஆரம்பித்தது நிற்கிற ஆளிடமிருந்து. நாம் அந்த அளவையும் ஸ்டூலையும் விட்டுவிட்டு, கதவை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்!

"குறை சொல்றது சுலபம், சின்னக் கிச்சனை வேற எப்படித்தான் வெச்சிக்கிறது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்கிறேன்.

பி.காம். பாடத்தில் ஏ.பி.சி. அனாலிசிஸ் என்று ஒன்று வரும். குடோனில் உள்ள எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி கவனிக்காதே, மூன்றாகப் பிரி என்பதுதான் சாரம். அங்கே பணமதிப்பைப் பார்த்துப் பிரிப்பார்கள். சமையலறையில் எத்தனை முறை எடுக்கிறோம் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். தினமும் எடுப்பது 'ஏ': அஞ்சறைப்பெட்டி, உப்பு, காபித்தூள், குக்கர், நாலு கரண்டி. இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்க வேண்டியவை இவை மட்டும்தான். வாரம் ஒருமுறை எடுப்பது 'பி': இட்லிப் பானை, கூடுதல் தட்டுகள், அப்பளம். இவை கீழே. தீபாவளிக்கு மட்டும் இறங்கும் முறுக்கு அச்சும் பெரிய வாணலியும் 'சி'. இவற்றுக்காகத்தான் நம் பெரியவர்கள் பரண் என்று ஒன்றைக் கட்டி வைத்தார்கள்.

நாலாவதாக ஒன்று உண்டு. டெட் ஸ்டாக். மூடி தொலைந்த டப்பா, கைப்பிடி உடைந்த வாணலி, கல்யாணத்துக்கு வந்து பெட்டியே பிரிக்காத டின்னர் செட், பிஸ்கட் வந்த பிளாஸ்டிக் டப்பா பதினேழு. ஒரு வருஷமாகத் தொடாததை வெளியே எடுங்கள். பழைய பாத்திரக்காரர் வந்தால் நாலு காசு கூடக் கிடைக்கும். டெட் ஸ்டாக்குக்குப் புது குடோன் கட்டுகிற வியாபாரி உருப்பட்டதில்லை. குடும்பமும் அப்படித்தான்.

அடுத்தது ஷெல்ஃப். சுவரில் ஒன்பது அங்குல அகலத்துக்குக் கடப்பாக் கல் பதியுங்கள், அல்லது ஸ்டீல் ஸ்டாண்டு மாட்டுங்கள். ஏன் ஒன்பது அங்குலம்? ஒரு வரிசை டப்பா மட்டும்தான் நிற்கும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரண்டடி ஆழ அலமாரியின் பின்வரிசையில் போன கடலைப்பருப்பு, வண்டு வைத்த பிறகுதான் வெளியே வருகிறது. திறந்த ஷெல்ஃபில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாதா என்பீர்கள். ஏறும். அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், வாரம் ஒருநாள் துடையுங்கள். மூடின அலமாரியிலும் ஈரமும் கரப்பானும் சேரத்தான் செய்கின்றன. என்ன வித்தியாசம், நமக்குத் தெரிவதில்லை.

வாடகை வீடா? ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்க விடமாட்டாரா? தரையில் நிற்கும் இரும்பு ரேக் ஒன்று போதும். வீடு மாறும்போது அதுவும் டெம்போவில் கூடவே வரும். மாடுலர் வராது.

மிச்சக் காசை வெளிச்சத்திலும் காற்றிலும் போடுங்கள். சுவருக்கு வெள்ளை. காய் நறுக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு விளக்கு. உங்கள் நிழலிலேயே நீங்கள் வெங்காயம் நறுக்குவது விரலுக்கு நல்லதல்ல. தாளிக்கிற புகையை வெளியேற்ற ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அப்புறம் பிளக் பாயின்ட்! 2011-ல் தமிழக அரசே மிக்ஸியும் கிரைண்டரும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அவற்றைச் செருக நம் சமையலறைகளில் எத்தனை பாயின்ட் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். சிங்க் பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்கும் வீட்டில் ஷட்டருக்கு எந்தக் கலர் என்று விவாதம் நடப்பதைவிடக் கொடுமை உண்டா?

அழகே வேண்டாம் என்கிறேனா? இல்லை. தேய்த்துப் பளபளவென்று வரிசையாக நிற்கும் எவர்சில்வர் டப்பாக்களைவிட எந்த அக்ரிலிக் ஷட்டர் அழகு? ஜன்னலில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வையுங்கள். எலுமிச்சம்பழமும் வையுங்கள், ஆனால் ரசத்துக்குப் பிழியத்தான்!

கடைசியாக ஒரு கணக்கு. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் சராசரியாக ஒரு நாளைக்கு 299 நிமிடம். ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் அந்த வேலைகளைத் தொட்டே பார்த்தார். தொட்டவர்களும் செய்தது 97 நிமிடம். தினமும் ஐந்து மணி நேரம் உழைப்பு. அதில் பெரும்பங்கு நடக்கிற இடத்தை, அங்கே நிற்காதவர்கள் வரைந்து, நிற்காதவர்கள் விற்று, நிற்காதவர்கள் ஓகே சொல்கிறோம். ஓர் ஆபீஸில் இப்படிச் செய்தால் யூனியன் கொடி பிடிக்கும். சமையலறைக்கு யூனியன் கிடையாது.

ஆகவே, அளவெடுக்க வருகிறவர் எடுத்த எடுப்பிலேயே டேப்பைச் சுவரில் வைத்தால் தடுத்து நிறுத்துங்கள். "முதல்ல ஆளை அளங்க சார். சுவர் எங்கேயும் ஓடிடாது" என்று சொல்லுங்கள்.