காதோடு போகலாமா தாளம்?

இசை கேள்விச் செல்வம். ஏட்டில் எழுதிப் படிக்கும் பொருளன்று என்று பலர் சொல்லக் கேட்கிறோம். நம் மதுரை மணி ஐயர் (1912–1968) சர்வலகுவில் சுரம் பாடியபோது தாளைப் பார்த்தா பாடினார் என்றும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆயினும், தாளக் குறியீட்டைப் படிக்கக் கற்பது வீண் வேலை என்ற முடிவு நியாயமானதன்று.

தமிழ் மாணவருக்கு அந்தக் குறியீடு பாதி தெரிந்ததே. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியம் கூறவில்லையா? சுரம் எழுதும் முறையும் அதுவே. முதற்காலத்தில் ‘ச’ ஓர் அட்சரம், ‘சா’ இரண்டு. காற்புள்ளி ஓர் அட்சரம் நீட்டும், அரைப்புள்ளி இரண்டு. எழுத்துகளின் தலைமேல் ஒரு கோடு இழுத்தால் வேகம் இரட்டிக்கும். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை நான்கு, இரண்டு, இரண்டு எனப் பிரித்துக் கோடிடுவர். இரட்டைக் கோடு வந்தால் ஓர் ஆவர்த்தனம் முடிந்தது என்று பொருள்.

இவற்றை நான் ஒரே மாலையில் மனப்பாடம் செய்தேன். பாட முயன்றபோதுதான் உண்மை புரிந்தது. நெடில் வந்த இடத்தில் குரலோடு கையும் நின்றுவிட்டது! கண்ணால் கற்றது கைக்கு வரவில்லை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, ‘தகதிமி’ என்று வாயால் சொல்லி, ஒரு தட்டும் மூன்று விரலும், தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று பல நாள் போட்டேன். குரல் நின்றாலும் கை நிற்கலாகாது என்பதே முதற்பாடம். ஆகவே கையும் வாயும் முதலில், தாள் அடுத்து என்பது என் கருத்து.

தாள் எதற்கு என்பீர்களானால், மதுரைக்குத் தெற்கே எட்டயபுரத்தைப் பாருங்கள். சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டு, முத்துசாமி தீட்சிதரின் இருநூறுக்கும் மேற்பட்ட கீர்த்தனைகளைக் குறியீட்டோடு நமக்கு விட்டுச் சென்றார்.

மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் என் தாத்தா உறுமி வாசித்தார். அவருக்கு எழுதி வைக்க எவரும் இல்லை. அவர் மறைந்தபின், ஊர்ச் சாமி புறப்பாட்டுக்கு வாசித்த அடியில் கால்வாசிகூட என் நினைவில் இல்லை. கேள்விச் செல்வம் காதோடு போய்விட்டது.

உறுமியின் தோலை வளைகுச்சி தேய்க்கும் அந்த முனகலை எழுத்தில் பிடிக்க முடியாதுதான். அதற்குக் கைப்பேசிப் பதிவு உதவும். ஆனால் அடி எங்கே தொடங்குகிறது, எத்தனை எண்ணிக்கையில் திரும்புகிறது என்பதை, எழுத உட்காருகிறவன் தானே எண்ணித்தான் கண்டறிய வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் பறையும் உறுமியும் ஒலிக்கும் ஊர்களிலிருந்து வருகிறோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வாசிக்கும் பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, அவர் பெயரோடு ஓர் அடியையாவது எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை அச்சாகட்டும்.

— இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு