தீவகத்தின் பாதுகாப்புக்கு எந்தப் பணம்?



2023 ஏப்ரல் 22 அன்று யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவில் ஒரே வீட்டில் முதியவர்கள் ஐவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். காயத்துடன் தப்பிய மூதாட்டியும் பின்னர் இறந்துபோனார். அந்தத் தீவில் பொலிஸ் நிலையமும் உண்டு, கடற்படையும் உண்டு. பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட, தனித்திருக்கும் முதியோரைத் தினமும் எட்டிப் பார்க்கத்தான் எவருமில்லை.

2015 மே மாதம் தீவகத்தின் இன்னொரு தீவான புங்குடுதீவில் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவி கொல்லப்பட்டார். 2017 செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், ஆளில்லா வீடுகளும் பற்றைகளுமாகக் கிடக்கும் பாதைகளில் பிள்ளைகள் தனியே நடப்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது.

பணம் இல்லாமலா? இலங்கையின் 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 440 பில்லியன் ரூபாவுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆவது திருத்தம் சொன்ன பொலிஸ் அதிகாரமோ இன்றுவரை மாகாணங்களுக்கு வரவில்லை. பிரதேச சபைகள் தெருவிளக்குக்கே திண்டாடுகின்றன.

மக்களுக்கு உண்மையான பாதுகாப்பு எது என்பதற்கு, 2018 ஜூலையில் வடக்குக்கு வந்த, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் சேவையைப் பாருங்கள்: அழைத்தால் வருகிறது, உயிரைக் காக்கிறது. நெடுந்தீவு நோயாளியோ முதலில் கடல் கடந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வர வேண்டும். பாதுகாப்பு நிதியில் ஒரு சிறு பங்கை வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு பிரதேச சபைகளுக்குத் திருப்பி, தெருவிளக்கு, தனித்திருக்கும் முதியோரின் வீடுகளுக்குச் சென்று பார்க்கும் பணியாளர், இரவிலும் ஓடும் நோயாளர் படகு ஆகியவற்றுக்கு அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.

தீவக வாசகர்